உள்ளே வரும் படகு

கடலூர் மஞ்சக்குப்பத்தில், மூன்றாம் மாடி வீட்டின் குழந்தை அறைச் சுவரிலிருந்து படகு இறங்கிய காலையில் அங்கே இருந்தவர்கள்: பள்ளி ஆசிரியை மாலதி, அவள் கணவன் கதிரவன், கதிரவனின் அக்காள் புருஷனும் சிதம்பரத்தில் பிளெக்ஸ் கடை வைத்திருப்பவருமான தட்சிணாமூர்த்தி, சத்தம் கேட்டு ஏறி வந்த கீழ்வீட்டு லோகநாயகி. அறைக்குச் சொந்தக்காரனான ஆறு வயது சித்தார்த் அங்கே இல்லை. வழக்கம்போல அப்பா அம்மா கட்டிலின் நடுவில் தூங்கிக்கொண்டிருந்தான்.

மாலதியின் கவலையே அதுதான். தேவனாம்பட்டினத்தில் ஒரே அறைக்குள் எட்டுப் பேர் படுத்த மீனவ வீட்டில் பிறந்தவள் அவள். தன் பிள்ளைக்காவது கதவு வைத்த தனி அறை வேண்டும், அதில் அவன் தனியாகத் தூங்க வேண்டும் என்று இருந்தாள். அறை தயாரானதும் குடியேறியது அரிசி மூட்டையும், தேய்க்காத துணியும், ஊரிலிருந்து வந்த உறவினர்களும்தான். பையன் ஒரு ராத்திரிகூடப் படுக்கவில்லை. சுவர் வெறிச்சென்று இருப்பதுதான் காரணம் என்று அவளே முடிவுகட்டி, போனில் ஆயிரம் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கரடி சிரிக்கும் படங்களை மட்டம் என்று ஒதுக்கினாள். கடைசியில் வெள்ளைத் தாளில் இரண்டு நீலக் கோடும் ஒரு சிவப்பு முக்கோணப் பாயும் உள்ள படகைத் தேர்ந்தெடுத்தாள். “இத நம்ம புள்ளையே வரஞ்சிருப்பான்” என்றான் கதிரவன். “அதுக்குப் பேருதான் மாடர்ன்” என்றாள்.

அச்சடித்தது தட்சிணாமூர்த்தி. வீட்டில் மாட்டும் கப்பல் வாசலைப் பார்த்துப் போகக் கூடாது, உள்ளே வர வேண்டும். வெளியே போனால் சம்பாத்தியமும் கூடவே போய்விடும். இது அவருக்குத் தெரியும் என்பதால் யாரையும் கேட்காமல் கணினியில் படத்தைத் திருப்பிப்போட்டுவிட்டார். தானே கொண்டுவந்து மாட்டி, அன்றிரவு அந்த அறையிலேயே படுத்துக்கொண்டார்.

“அண்ணே, நான் அனுப்புனது இந்தப் பக்கம் பாக்கலியே?”

“உள்ள வரட்டும்மா. வந்தா வேணாம்னா சொல்லப்போற?”

விடிந்தபோது வந்திருந்தது. அறையில் கணுக்கால் அளவு உப்புத் தண்ணீர். படகின் முன்பக்கத்து அணியத்தில் சங்கரா மீன் துள்ளியது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் படகு கண்ணுக்குத் தெரியவில்லை. படத்தில் அதற்குத் தடிமன் வரையப்படவில்லை. “உங்க வூட்டு கடலு எங்க வூட்டு மிக்ஸி மேல ஒழுவுது” என்றாள் லோகநாயகி. இரண்டு கிலோ மீன் கொடுத்ததும் மிக்ஸியை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

அதன்பின் படகு தினமும் வந்தது. கதிரவன் வேலையை விட்டுவிட்டு, மீன் வியாபாரத்துக்கு அறைக்குள் ஐஸ் பெட்டிகளை அடுக்கினான். நெல்லிக்குப்பத்துச் சொந்தங்கள் ஆடி அமாவாசைக்குக் கடற்கரை போகாமல் இங்கேயே முழுக்குப் போட்டார்கள். நண்டு கடித்ததைத் தவிர அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. கைராசிக்காரர் என்று தட்சிணாமூர்த்தியின் பிளெக்ஸ் கடையில் கூட்டம் ஜாஸ்தியானது. படித்து மீன் வாடையைத் தாண்டி வந்துவிட்டதாக நினைத்திருந்த மாலதி, பள்ளிக்குப் போகுமுன் இரண்டு முறை குளித்தாள். இரண்டு வருடம் போயிற்று. சித்தார்த் வளர்ந்தான், கட்டிலின் நடுவிலேயே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் ஐஸ் பெட்டிகளை ஒவ்வொன்றாக ஹாலுக்கு இழுத்துத் தள்ளினாள். “இது எம்புள்ள ரூமு. எல்லாரும் வெளிய போங்க.”

“வர்ற லச்சுமிய யாராவது தொரத்துவாங்களாடி?” என்றான் கதிரவன்.

“லச்சுமி வரட்டும். நீங்க போங்க. அண்ணே, நீங்களுந்தான்.”

ஈரக் கைலியோடு கதிரவனும் மீனுக்கு வந்திருந்த தட்சிணாமூர்த்தியும் வெளியேறினார்கள். சித்தார்த் தலையணையை எடுத்துக்கொண்டு வந்தான். அறையிலிருந்த தன் கட்டிலைப் பார்த்தான், படகைப் பார்த்தான். படகில் ஏறிப் படுத்தான். அவன் எடைக்கு அது லேசாக ஆடி நின்றது. மாலதி கட்டிலில் தனக்கொரு போர்வையை விரித்தாள்.

“பயமா இருந்தா கூப்புடு. அம்மா இங்கதான் படுத்திருப்பேன்.”

“ஏன்? இது என் ரூமுதான?”

“ஆமா.”

“அப்ப நீயும் போம்மா.”

மாலதி போர்வையைச் சுருட்டிக்கொண்டு, புடவைக் கரையில் தண்ணீர் சொட்ட, அறை வாசற்படியைத் தாண்டினாள். பின்னால் அவன் இறங்கித் தண்ணீரில் நடந்துவரும் சத்தம் கேட்டது. கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.