ரத்துக் கடிதத்துக்கு முன் ஒரு ஃபோன்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு ஸ்டிக்கரில். புதிதாக வாங்கிய தண்ணீர் பம்பில் ‘முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பு’ என்று ஒட்டியிருந்தார்கள். எதையும் நகத்தால் சுரண்டிப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அடியில் இன்னொரு ஸ்டிக்கர்: ‘இரு நாட்டுக் கூட்டுத் தயாரிப்பு.’ மற்றதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: ‘நாடுகள் கதவைச் சாத்திக்கொண்ட அந்த ஆண்டில், பிராந்தியப் பொருளாதார ஒருங்கிணைப்பு என்னும்—’

(அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

இரண்டாவது: பம்பு கம்பெனியில் கொள்முதல் பார்க்கும் அக்காவுக்கு, எல்லைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட தங்கை ஒருத்தி. அங்கே பதினோரு பெண்களை வைத்து மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றித் தருகிறாள். காலையில் லாரியில் கம்பி போகும், சாயங்காலம் மோட்டார் வரும். இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருந்ததால் நடுவில் வரி கிடையாது. அந்த ஒப்பந்தம் முறிந்துவிட்டது, வரும் திங்கள் முதல் வரி உண்டு.

3

முதலாளியை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. அந்த வரியைக் கட்டினால் கம்பெனியே படுத்துவிடும், அறுபது பேருக்கு வேலை போகும். மனுஷர் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“இனிமே கம்பியை இங்கயே சுத்திக்கலாம்மா.* திங்கக்கிழமை ரத்து லெட்டர் அனுப்பிடு. அதுவரைக்கும் தங்கச்சிகிட்ட மூச்சு விடாதே. கோபத்துல கடைசி லோடை நிறுத்திட்டாங்கன்னா நாம அம்போதான்.”

* இங்கே கம்பி சுற்றப்போகும் பெண்களுக்கு இது நல்ல செய்தி. அவர்களைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும்.

4

சனிக்கிழமை மதியம் தங்கை கூப்பிட்டாள்.

“அக்கா, சாப்பிட்டியா?”

“ம்.”

“வரி வருதுன்னு பேசிக்கறாங்களே. நம்ம ஆர்டர் தொடருமில்ல? அதை நம்பித்தான் புது மிஷின் எடுக்கறேன். இன்னும் அரை மணி நேரத்துல வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கணும்.”

நான் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் சொல்லிவிடுகிறாள், லாரி காலியாக வருகிறது, அறுபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மற்றதில் மறைத்துவிடுகிறாள், தங்கையின் வீடு கடனில் போகிறது. இரண்டையும் கிழித்துப்போட்டேன். முடிவு சொல்லாமல் நழுவிவிடலாம், இந்த மாதிரிக் கதைகளில் அது ஒரு வசதி.

தங்கை விட்டால்தானே!

“ஏங்க்கா பேச மாட்டேங்கற? சரி, நீ ஒண்ணும் சொல்லலைன்னா எல்லாம் நல்லபடியா இருக்குன்னு எடுத்துக்கறேன். பத்திரத்தைக் குடுத்துடறேன்.”

பாவி, எனக்கிருந்த ஒரே வசதியையும் பிடுங்கிக்கொண்டாள். நான் இங்கே நிறுத்தினால் அவள் வீடு போய்விடும். அவள் ஃபோனை இன்னும் வைக்கவில்லை. அக்காவுக்கு வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. நீங்களாவது சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள்.