துப்பாக்கியில் கட்டிய ரப்பர்

"ஏட்டி சுஜிதா, முதல்ல அந்த ரப்பரை அறு," என்றான் லூர்துநாதன். கையைப் பார்க்கச் சொல்லவில்லை. ரப்பரை அறுக்கத்தான் சொன்னான்.

ஃபீனிக்ஸ் பே படகுத்துறையின் படிக்கட்டில் அண்ணனும் தங்கையும் பாசி கழுவிக்கொண்டிருந்தார்கள். அதற்குத் தண்ணீரை ஊசி மாதிரிப் பீய்ச்சி அடிக்கும் ப்ரெஷர் மெஷின் ஒன்று; அதன் குழாய் முனையில் துப்பாக்கி மாதிரி ஒரு பிடி. துப்பாக்கியின் விசையை அழுத்தினால்தான் தண்ணீர் வரும், விட்டால் நின்றுவிடும். கை தவறினாலும் ஆள் தப்பிக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் நாளெல்லாம் அழுத்தினால் விரல் மரத்துவிடுமே. அதனால் அங்கே எல்லோரும் சைக்கிள் ட்யூபைக் கிழித்து விசையை இறுகக் கட்டிவிடுவார்கள். பூட்ஸ், முகக் கவசம், கையுறை எல்லாம் ஒழுங்காக மாட்டிக்கொண்டு, உயிரைக் காக்கிற விசையை மட்டும் கட்டிப்போடுகிற புத்திசாலிகள்.

தண்ணீர் புகுந்துவிட்டதென்று இடது கையுறையைக் கழற்றி வைத்திருந்தான் லூர்துநாதன். பாசியில் கால் வழுக்க, துப்பாக்கி கையை விட்டு நழுவியது. விசை கட்டியிருந்ததால் தண்ணீர் நிற்கவில்லை. படியில் கிடந்து துள்ளியதை அவன் வெறுங்கையால் பிடிக்கப் போனான். சுஜிதா ஓடிப்போய் மெஷினை நிறுத்தியபோது எல்லாம் முடிந்திருந்தது.

உள்ளங்கையில் ஒரு சின்னப் புள்ளி, ஒரு சொட்டு ரத்தம். அவ்வளவுதான்.

"முள்ளு குத்துன மாதிரி இருக்கு. ஆணி குத்திட்டுன்னு சொல்லுவோம். ரப்பர் கட்டுனது தெரிஞ்சா சூப்பர்வைசர் ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிருவாரு," என்றான்.

சூப்பர்வைசர் சிவபிரகாஷ் ரப்பர் கட்டினால் வேலை போய்விடும் என்று போன வாரம்தான் எச்சரித்திருந்தார். சுஜிதா ரப்பரை அறுத்து சுடிதார் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஆணி என்றதும் நர்ஸ் காயத்தைத் துடைத்து ஊசி போட்டாள். "ஹோ கயா, கர் ஜாவோ," முடிந்தது, வீட்டுக்குப் போ என்று இந்தியில் சொல்லி அனுப்பிவிட்டாள். லூர்துநாதனுக்கு நிம்மதி. சாத்தாம் துறைக்குப் போனால் பாம்பூஃப்ளாட் போகும் படகைப் பிடித்துவிடலாம், வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிடலாம் என்றான்.

வாசலில் அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள் சுஜிதா. உள்ளங்கை பன் மாதிரி உப்பியிருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன. சுண்டு விரலை நறுக்கென்று கிள்ளினாள்.

"வலிக்குதா அண்ணே?"

"எது?"

அவள் இன்னும் கிள்ளிக்கொண்டுதான் இருந்தாள்.

சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். டாக்டர் ரூபா கையைத் திருப்பிப் பார்த்தார். "ஆணி குத்தினா இப்படி வீங்காதே. எது குத்திச்சு?"

"ஆணிதான் டாக்டர்," என்ற லூர்துநாதன் தங்கையை முறைத்தான். வாயைத் திறந்தால் இரண்டு பேர் வேலையும் போய்விடும். இரண்டு வீட்டு அடுப்பும் அந்த வேலையில்தான் எரிகிறது. அதெல்லாம் சுஜிதாவுக்கும் தெரியும். பையிலிருந்த ரப்பரை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஆணி இல்ல டாக்டர். ப்ரெஷர் மெஷின். இதை வச்சு விசையைக் கட்டியிருந்தோம்."

டாக்டர் உடனே போனை எடுத்து ஆப்பரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். "ஓட்டை சின்னது. ஆனா தண்ணியும் அழுக்கும் உள்ள கிழிச்சுக்கிட்டுப் போயிருக்கும். வீட்டுக்குப் போயிருந்தா கையையே எடுக்க வேண்டி வந்திருக்கும்."

"கெடுத்துட்டியேட்டி," என்றான் லூர்துநாதன். தியேட்டருக்குள் போகும்வரை அவள் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை சிவபிரகாஷ் வந்தார். ரப்பர் விஷயம் ஆஸ்பத்திரியிலிருந்தே அவர் காதுக்குப் போயிருந்தது. இனி வேலைக்கு வர வேண்டாம் என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

"உன்னையுமா?" என்று கேட்டான் லூர்துநாதன்.

"ரெண்டு பேரையும்தான்."

கட்டுக்கு வெளியே தெரிந்த சுண்டு விரலைப் பயந்து பயந்து கிள்ளினாள் சுஜிதா.

"வலிக்குதுட்டி, விடு."

அவள் விடவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"இன்னொரு தரம் சொல்லுண்ணே," என்றாள்.