பலகையின் கீழ்ப்பாதி

சிவநேசம் நீலப் பையின் கழுத்தைக் கத்தியால் கீறி உள்ளேயிருந்ததை ஓடுகிற பெல்ற்றின் மேல் கொட்டினாள். முதியோர் இல்லத்துப் படுக்கை விரிப்புகள். மூத்திரம் காய்ந்து மஞ்சள் பிடித்தவை, கஞ்சி சிந்தியவை. ஒன்றுக்குள் யாரோ ஒரு கிழவரின் பல்செட் சுருண்டு கிடந்தது. அதை எடுத்து வாளிக்குள் போட்டாள். விரிப்பு இடப்பக்கக் கூண்டுக்கு, துவாய் வலப்பக்கக் கூண்டுக்கு, இரவுச் சட்டை நடுக்கூண்டுக்கு. முகத்தில் முகமூடி, முழங்கை வரை ரப்பர் கிளவுஸ், மேலே பிளாஸ்ரிக் அங்கி. பத்து மணிக்குள் உள்ளே போட்ட சட்டை முதுகோடு ஒட்டிவிடும்.

இல்லங்களின் துணி வெளுக்கிற அந்தத் தொழிற்சாலையில் இதற்குப் பெயர் அழுக்குப் பக்கம். சுவருக்கு அங்கால் சுத்தப் பக்கம். நடுவிலே ஆளுயர மெஷின்கள். இந்தப் பக்கக் கதவால் அழுக்கு உள்ளே போகும், அந்தப் பக்கக் கதவால் வெள்ளையாக வெளியே வரும். சுவரில் ஒரு கண்ணாடி இருந்தது. அதற்கூடாக மாக்கிரட் தெரிந்தாள். சூடு ஆறாத துவாய்களை நெஞ்சோடு அணைத்து மடித்துக்கொண்டிருந்தாள். முகமூடி இல்லை, தலையில் ஒரு வலைத்தொப்பி மட்டும். பக்கத்தில் நின்ற ஹெயிட்டிக்காரியோடு சிரிப்பும் கதையும் வேறு.

சிவநேசத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது? இரண்டு கிழமைக்கு முன்வரை இவளும் இதே பெல்ற்றில் எதிரே நின்று இதே நாற்றத்தைக் குடித்தவள்தானே! இப்ப மகாராணி மாதிரி துவாய் மடிக்கிறாளாம்.

எல்லாம் அந்தப் பலகையால் வந்தது. கொரோனா வந்து ஐந்து வருஷம் என்று மார்ச் மாதம் ரேடியோவிலும் ரீவியிலும் ஒரே அமளி. யூனியனும் நெருக்க, கொம்பனிக்குத் திடீரென்று நெஞ்சு இளகியது. வேலைக்கு வந்து போகிற நேரம் அடிக்கிற மெஷினுக்கு மேலே 'விபத்தில்லாத நாட்கள்' என்று ஒரு பலகை தொங்கும். இங்கே வேலை செய்த கிளேர் என்ற கிழவியின் விரல் இஸ்திரி உருளைக்குள் அகப்பட்டு நசிந்த அடுத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிற பலகை. அது நடந்து எட்டு வருஷமாகிறது. அதைக் கழற்றி ஸ்ரோருக்குள் வைத்துவிட்டு, அதே ஆணிகளில் பித்தளைப் பலகை ஒன்றை மாட்டினார்கள். கொரோனாவில் உயிர்நீத்த எங்கள் தொழிலாளி என்று பிரெஞ்சில் எழுதி, அதன் கீழே அம்புறோஸின் பெயர். கீழ்ப்பாதி ஒரு எழுத்தும் இல்லாமல் மினுங்கியது. முதலாளி பூச்செண்டு கொடுத்தார், படம் எடுத்தார்கள், அம்புறோஸின் பெண்சாதி மாக்கிரட் அழுதாள். அடுத்த திங்களே அவளைச் சுத்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

சிவராசாவின் பெயர் அதில் இல்லை. சிவநேசத்தின் புருஷன் சிவராசாவும் அம்புறோசும் இந்தப் பெல்ற்றில் எதிரெதிரே நின்றவர்கள். இல்லங்களில் வயது போனதுகள் வரிசையாகச் செத்த அந்தச் சித்திரையில் பைகள் கூரை முட்டக் குவிந்தன. ஆளுக்கு ஒரு முகமூடி கொடுத்து அதையே கிழமை முழுக்கப் போடச் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் ஒரே கிழமையில் காய்ச்சல் வந்தது. அம்புறோசை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு பெட்டி மூடினபடிதான் வந்தது. மாக்கிரட் முகம் பார்க்கவில்லை. பூசையும் இல்லை. சாமியார் ரெலிபோனில் செபம் சொன்னார்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரே கட்டிடத்தில் மாக்கிரட் மேல்வீடு, சிவநேசம் கீழ்வீடு. மேலே கேட்ட ஒப்பாரியைக் கேட்டபடி சிவநேசம் அப்போதே முடிவெடுத்துவிட்டாள். சில நாள் கழித்து, விடியற்புறம், சிவராசாவுக்கு வீட்டிலேயே மூச்சு நின்றுபோனபோது, வந்த ஆம்புலன்ஸ்காரரிடம் இருமலைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. "ஹார்ட், ஹார்ட்" என்று நெஞ்சில் தட்டிக் காட்டி, அவருடைய பழைய இருதய மருந்துப் போத்தல்களைத் தூக்கிக் கொடுத்தாள். அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். அதனால் பெட்டி திறந்து வைத்தார்கள். மகன் தனுஜன் வேட்டி கட்டி நின்றான், ஐயர் வந்தார், அவள் தன் கையால் வாய்க்கரிசி போட்டாள். ஐந்து வருஷமாக அந்த ஒரு ஆறுதல்தான் அவளுக்கு இருந்தது. அந்தப் பொய்யாலேயே அவர் பெயர் பலகையில் ஏறாமல் போக, இப்ப அதிலும் மண் விழுந்துவிட்டது.

மத்தியானம் சாப்பாட்டறையில் லொறி ஓடுகிற நகுலேஸ்வரன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"இஞ்சை பாருங்கோ, இந்த மனிசன் சொல்லுறதை! செத்த கணக்கெல்லாம் ஊதிப் பெருப்பிச்சது. பஸ் அடிச்சுச் செத்தவனையும் கொரோனாவிலை போட்டவங்களாம். ஊசியும் அப்பிடித்தான். நான் மூண்டு ஊசி போட்டனான், பிறகும் எனக்கு வந்ததே!"

"வந்ததுதான் அண்ணை," என்றாள் அஜந்தா. அவள் சனி ஞாயிறுகளில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறவள். "ரெண்டு நாள் படுத்தீங்கள், பேந்து எழும்பி வந்து லொறி ஓடினீங்கள். ஊசி வரமுதல் பிடிச்சதுகள் எத்தினை எழும்பேல்லை. கணக்குக் கூடிப்போச்சு எண்டு ஆர் சொன்னது? எங்கட இடத்திலை கொரோனாவுக்கு ரெஸ்ற் செய்யாமலே கொண்டுபோனதுகளை ஆர் எண்ணினது?"

"விசர்க் கதை கதையாதை பிள்ளை."

"நீங்கள் போனைப் பாத்துக் கதைக்கிறீங்கள். நான் கண்ணாலை பாத்துக் கதைக்கிறன்."

சிவநேசத்தின் கையில் இடியப்பம் அப்படியே நின்றது. எண்ணாமல் போனதுகள். சொல்லு, இப்ப சொல்லு என்று நெஞ்சு அடித்தது. அந்த நேரம் பார்த்து மாக்கிரட் உள்ளே வந்தாள். சுத்தப் பக்கத்து வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு அழுக்கில்லை. "சாப்பிட்டாச்சோ அக்கா?" என்று கேட்டு, தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வெளியே போனாள். போகும்போது அவளில் சவர்க்கார வாசம் அடித்தது. அந்த வாசம்தான் சிவநேசத்தைக் கெடுத்தது.

"நகுலண்ணை சொல்லுறதிலை பிழையில்லை," என்றாள். "அம்புறோஸ் கொரோனாவிலையோ செத்தது? அந்தாளுக்கு எப்பவோ கிட்னி பழுதெல்லோ. சீனி வருத்தம் வேறை. அது வராட்டிலும் மனிசன் கனநாள் இருந்திராது. இதுக்குப் பெரிய பித்தளைப் பலகை!"

"அக்கா!" என்றாள் அஜந்தா.

மைக்ரோவேவுக்குப் பக்கத்தில் நின்ற சாரங்கன் திரும்பினான். அவன் சுப்பவைசர். முதலாளியின் பிரெஞ்சைத் தமிழிலும் தமிழர் கதைப்பதை முதலாளிக்குப் பிரெஞ்சிலும் சொல்கிறவன் அவன்தான்.

"மெய்யாவோ அக்கா? முதலே பழுதோ?"

"ஓம். நான் கீழ்வீடு. எனக்குத் தெரியாதே?"

"சிவராசா அண்ணைக்கும் ஹார்ட்தானே, என்ன?"

அவள் ஒரு கணம் இடியப்பத்தைப் பார்த்தாள். இத்தனை பேருக்கு முன்னால் வேறு என்ன சொல்வது? "ஓம், ஹார்ட்தான்," என்றாள். சாரங்கன் தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவப் போனான். சிவநேசத்துக்கு உள்ளே குளிர்ந்தது. பின்னேரம் வரைக்கும் அந்தக் குளிர்ச்சி நின்றது.

வேலை முடிந்து பஸ் தரிப்பில் நின்றபோது, உருகின சினோப் பனிக்குள் கால் வைத்து வைத்து மாக்கிரட் ஓடி வந்தாள்.

"அக்கா, உங்களோடை ஒண்டு கதைக்கவேணும். கோவிக்கக் கூடாது."

மத்தியானம் சாப்பாட்டறையில் கதைத்ததை அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்களோ?

"அந்தப் பலகையிலை கீழ்ப்பாதியை வெறுமையா விடச் சொல்லி நான்தான் கேட்டனான்," என்றாள் மாக்கிரட். "சிவராசா அண்ணையின்ர பேருக்கு."

"என்ன கதை கதைக்கிறீர்? அவருக்கு ஹார்ட்."

"அக்கா, எங்கட வீட்டு நிலம் வெறும் மரப்பலகை, கீழை நடக்கிறது மேலை கேக்கும். அவர் இரவிரவா இருமினது எனக்குக் கேட்டது. நான் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. சொன்னா முகம் பாக்க விடமாட்டாங்கள் எண்டு எனக்குத் தெரியாதே?"

பஸ் வந்து, நின்று, போனது. இருவரும் ஏறவில்லை.

"எனக்கு உங்களிலை எவ்வளவு எரிச்சல் தெரியுமே?" மாக்கிரட் கண்ணைத் துடைத்தாள். "நீங்கள் பூமாலையோடை காரிலை ஏறினதை யன்னலாலை பாத்தனான். இவளுக்கு மட்டும் முகம் கிடைச்சிட்டுதே எண்டு, செபமாலையைக் கையிலை வைச்சுக்கொண்டு உங்களைத் திட்டினனான். அம்புறோஸ் கடைசியிலை எப்பிடி இருந்தவர் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. பலகை வந்து என்ன? அந்த முகத்தைத் தாறம் எண்டா பலகையை இப்பவே கழட்டிக் குடுத்திடுவன்."

மாக்கிரட் சிவநேசத்தின் கையைப் பிடித்தாள்.

"இனி ஒளிச்சு என்ன வரப்போகுது? இருமினவர் எண்டு முதலாளியிட்டை நீங்கள் ஒரு சொல் சொல்லுங்கோ. நான் சாட்சி. பேர் வந்தா உங்களையும் சுத்தப் பக்கம் எடுக்கத்தானே வேணும். உங்கட தோள்மூட்டு நோவுக்கும் நல்லது."

"திங்கள் சொல்லுறன்," என்றாள் சிவநேசம். மத்தியானம் அம்புறோசைப் பற்றித் தான் சொன்னது வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய்ப் பால்கறி வைத்து, கிண்ணத்தோடு மேலே ஏறினாள். கதவைத் திறந்த மாக்கிரட், "என்னக்கா இது, அதிசயமா இருக்கு!" என்று சிரித்தாள். சிவநேசம் கறியைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டாள்.

திங்கள் விடிய, எல்லோருக்கும் முன்னால் வேலைக்குப் போனாள். கால்கள் வேகமாய்த்தான் நடந்தன. கதவைத் திறந்ததும் நின்றுவிட்டாள். நேரம் அடிக்கிற மெஷினுக்கு மேலே சாரங்கன் ஸ்ரூலில் ஏறி நின்றான். பித்தளைப் பலகை கீழே சுவரோரமாகக் குப்புறச் சாத்தியிருந்தது.

"தம்பி, என்ன செய்யிறீர்?"

"மேலிடத்துச் சொல் அக்கா. நீங்கள் வெள்ளிக்கிழமை சொன்னதை முதலாளியிட்டைச் சொன்னன். அவர் இன்சூரன்ஸ் ஆக்களோடை கதைச்சவர். அவைக்கு முதலே இந்தப் பலகை பிடிக்கேல்லையாம். வேலையிலை தொத்தினது எண்டு நாங்களே எழுதி மாட்டின மாதிரியாம். இப்ப ரெண்டு பேரும் முதலே வருத்தக்காரர் எண்டு கூட வேலை செய்தவையே சொல்லுகினம்தானே."

"நான் சொன்னது பொய்! சிவராசாவும் இருமினவர். காய்ச்சல் நெருப்பாக் கொதிச்சது. ரெண்டு பேருக்கும் இஞ்சைதான் தொத்தினது. வாரும், நான் முதலாளியிட்டையே சொல்லுறன்."

சாரங்கன் அவளைப் பாவமாகப் பார்த்தான். "அக்கா, அஞ்சு வருஷம் ஹார்ட் எண்டனீங்கள். வெள்ளிக்கிழமையும் நான் வாய்விட்டுக் கேட்டனான். இப்ப மாத்திச் சொன்னா, பேருக்கு ஆசைப்பட்டுச் சொல்லுறீங்கள் எண்டுதான் நினைப்பினம்."

"மாக்கிரட்?"

"அவவும் இனிப் பழைய இடம்தான்."

பெல்ற் ஓடத் தொடங்கியது. மாக்கிரட் பிளாஸ்ரிக் அங்கியைக் கட்டிக்கொண்டு வந்து எதிரே, அம்புறோஸ் நின்ற இடத்தில், நின்றாள். கிளவுஸை ஒவ்வொரு விரலாக இழுத்துப் போட்டாள். அவளுடைய வெள்ளைச் சட்டையின் கழுத்து அங்கிக்கு மேலே தெரிந்தது. மாற்றுச் சட்டை எடுக்கக்கூட விடவில்லைப் போலும்.

"ஆரோ அவருக்குக் கிட்னி பழுதெண்டு சொல்லிப்போட்டினமாம்," என்றாள். பெல்ற்றைப் பார்த்துத்தான் சொன்னாள். "எங்கட வீட்டுக்கும் உங்கட வீட்டுக்கும் வெளியிலை அது ஒருத்தருக்கும் தெரியாது அக்கா."

சிவநேசம் கத்தியை எடுத்துப் பையைக் கீறினாள். இருவரும் விரிப்பை இடப்பக்கமும் துவாயை வலப்பக்கமும் எறிந்தபடி நின்றார்கள்.

பின்னேரம் நேரம் அடிக்க வரிசையில் நின்றபோது மாக்கிரட் அவளுக்கு முன்னால் நின்றாள். மேலே பழைய பலகை தொங்கியது. விபத்தில்லாத நாட்கள். பக்கத்தில் நாலு இலக்கங்கள், கிளேரின் விரல் போன பிறகு, அந்தச் சித்திரையில்கூட, ஒருநாளும் திரும்பிப் பூச்சியத்துக்குப் போகாத எண். ஸ்ரோருக்குள் கிடந்த நாட்களையும் சாரங்கன் ஒன்று விடாமல் கூட்டிப் போட்டிருந்தான்.