ஒற்றை விரலில் ஓடும் கதவு

கிரீஸ் நாட்டுக் கலமாதாவின் கடற்கரைத் தெருவில், மூன்றாம் மாடியில், அசிமீனாவின் பால்கனிக் கண்ணாடிக் கதவு ஒரு வாரமாக நகர மறுத்தது. வீட்டுக்காரர் பொலிக்ரோனிஸுக்கு அது கொண்டாட்டமாகப் போயிற்று.

"சட்டத்தையே பேத்து எடுக்கணும், அசிமீனாம்மா. சுவரு இடியும், தூசி பறக்கும். ரெண்டு மாசம் வேற எங்கயாவது இருந்துக்கங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு அளவெடுக்க ஆளோட வரேன்."

ரெண்டு மாசமாம்! கீழ்வீட்டு வாத்தியாரும், வெள்ளையடிக்க வேண்டும் என்று இவர் சொன்னதால் இரண்டே வாரத்துக்கென்று காலி செய்தவர். இப்போது அங்கே வாராவாரம் வாடகைக்கு ஜெர்மன் சுற்றுலாக்காரர்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு வருகிறார்கள். இது அவள் பத்தொன்பது வருஷமாக வாழும் வீடு. காலை வெளியே வைத்தால் திரும்ப உள்ளே வைக்க முடியாது என்று அசிமீனாவுக்குத் தெரியும்.

மறுநாள் ஏழு மணிக்கே எதிர்வீட்டுத் தெயோனியை எழுப்பினாள்.

"கடப்பாரை இருக்காடி?"

"யார் மண்டைய உடைக்கப் போறக்கா?"

"கதவத் தூக்கணும். மண்டையப் பத்திப் பதினோரு மணிக்கு யோசிக்கலாம்."

அசிமீனா ஓட்டலில் அறைகள் துப்புரவு செய்பவள். சீசன் தொடங்குமுன் அங்கே ஆட்கள் இதே மாதிரிக் கதவுகளைத் தூக்கி உருளைகளைச் சரிசெய்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். முதலில் கதவு ஓடும் தடத்தைக் கத்தியால் சுரண்டினாள். கறுப்பாக, பிசின் போல, மணலும் முடியும் சேர்ந்து பாளம் பாளமாக வந்தது. மோந்து பார்த்தாள். ஆலிவ் எண்ணெய்!

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஊரில் காதுவலிக்கும் அதுதான், கீல் சத்தத்துக்கும் அதுதான். வருஷா வருஷம் ஈஸ்டருக்குப் பொலிக்ரோனிஸ் தன் தோட்டத்து எண்ணெயை ஒரு டின்னில் கொண்டுவந்து, "சொந்த மரத்து எண்ணெய்" என்று பெருமையடித்துக்கொண்டு தடம் முழுக்க ஊற்றுவார். பக்கத்தில் நின்று தலையாட்டிய தன்மீதும் அவளுக்குக் கோபம் வந்தது.

கதவின் அடிமூலையில் இருந்த பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்தாள். உள்ளே உருளையை ஏற்றி இறக்கும் திருகாணி. தெயோனி துண்டைச் சுற்றிய கடப்பாரையை அடியில் கொடுத்து அழுத்தினாள். கதவு அசையவில்லை. பிறகு கடப்பாரைமேல் உட்கார்ந்தே விட்டாள்; கதவு விரலளவு எழும்பியது.

"சாயங்காலம் வரைக்கும் இப்படியே உக்காரணுமாக்கா?"

"வாய மூடிட்டுக் கனமா இருடி."

அசிமீனா அடியில் காய் நறுக்கும் பலகையைச் சொருகி, உருளையில் சுற்றியிருந்த முடியைக் கொக்கி ஊசியால் இழுத்து, பழைய பல் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு தேய்த்தாள். உருளை சுற்றியது. மறுமுனையிலும் அதே பாடு. திருகாணியை வலப்பக்கம் திருகத் திருகக் கதவு உயர்ந்தது. ஒரு பக்கம் அதிகமாகிக் கதவு கோணிக்கொண்டது. அரைச் சுற்று பின்னால் திருப்பினாள். நிலையோடு நேராக ஒட்டியது.

பதினோரு மணிக்குப் பொலிக்ரோனிஸ் அளவெடுக்கிறவரோடு வந்தார். அந்த மனிதர் கதவை ஒரு விரலால் தொட்டார். அது சத்தமில்லாமல் கடைசிவரை ஓடியது. கையில் எடுத்திருந்த அளவு நாடாவைத் திரும்பப் பையில் போட்டார்.

"இதுல எனக்கு என்ன வேலை? இன்னும் இருவது வருஷம் ஓடும்."

பொலிக்ரோனிஸின் முகம் தொங்கிப்போயிற்று. "எப்படிம்மா?"

அசிமீனா செய்தித்தாளில் குவித்து வைத்திருந்த கறுப்புப் பிசினை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ஒங்க சொந்த மரத்து எண்ணெய். மோந்து பாருங்க."

அவர் மோந்தும் பார்த்தார். அளவுக்காரர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொலிக்ரோனிஸ் தொண்டையைக் கனைத்தார்.

"இருந்தாலும் பழைய கதவு... ஒரு ரெண்டு மாசம் மட்டும்..."

"ரெண்டு நிமிஷம் கூடக் கெடையாது, வீட்டுக்காரரே." அசிமீனா நடந்துபோய் வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள். "இந்தக் கதவும் நல்லாத்தான் திறக்குது. போய்ட்டு வாங்க."