டப்பு இல்லக்கா, பொறுத்துக்கக்கா

ஆறாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். கங்கம்மாவின் மளிகைக் கடையில் முத்தம்மாவுக்கு நின்ற பாக்கி அது. புருஷன் மோசஸ் அத்திப்பட்டில் லோடு இறக்கும்போது கையை நசுக்கிக்கொண்டு வீட்டோடு கிடந்தானே, அப்போது ஏறியது. அரிசி, எண்ணெய், பருப்பு, வாய் கசக்கிறது என்று அவன் கேட்ட பிஸ்கட்டு, எல்லாம் அதில் சேர்த்தி. கை ஆறி அவன் வேலைக்குத் திரும்பிவிட்டான். பாக்கி ஆறவில்லை.

கடன் எந்த வீட்டில்தான் இல்லை. தேர்வாய் கண்டிகை கம்பெனிகளில் காண்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கப் போகிற பெண்களைக் கேட்டால் ஒவ்வொருத்தியும் இதைவிடப் பெரிய கணக்குச் சொல்வாள். ஆனால் முத்தம்மாவின் கடனை மட்டும்தான் ஊர் பாட்டாகப் பாடியது.

வீட்டுக்கு ஒரே டச் போன். சாயங்காலமானால் அது மகள் ஷைனியின் கையில் இருக்கும். பத்தாவது படிக்கிறாள், வீட்டுப்பாடமெல்லாம் வாட்ஸப் குரூப்பில்தான் வருகிறது. விடியற்காலையில், கம்பெனி வேன் வருவதற்குள், முத்தம்மாவின் கையில். முத்தம்மாவுக்கு எழுத்து தெரியாது, படம் தெரியும். மோட்டார் பைக் என்றால் தம்பி. முருகன் என்றால் சூப்பர்வைசர். செம்பருத்திப் பூ என்றால் கங்கம்மா. படத்தைத் தொட்டு, மைக்கை அழுத்திப் பிடித்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவாள்.

அந்த வாரம் அறிவியல் டீச்சர் வகுப்பில் செம்பருத்திப் பூவை நெடுக்காக அறுத்துப் பாடம் நடத்தியிருக்கிறார். பிள்ளைகளில் யாரோ வீட்டுக்குப் போய் ஒரு செம்பருத்தியைப் படமெடுத்து வகுப்புக் குரூப்புக்கு முகப்பாக வைத்துவிட்டார்கள். முத்தம்மா கண்டாளா? பூவைத் தொட்டாள், பேசினாள்.

“கங்கம்மாக்கா, முத்தம்மா பேசறேன். டப்பு இல்லக்கா. சம்பளம் இன்னும் போடலக்கா. பொறுத்துக்கக்கா. ஊட்டாண்ட ஆள அனுப்பாதக்கா, பாப்பா படிச்சிக்கினு இருக்கும்.”

வகுப்பு மொத்தமும் கேட்டது.

முத்தம்மாவுக்கு அது தெரிந்தது அடுத்த வாரம், வேனில். டிரைவர் போனில் ஏதோ பாட்டு போட்டான். டும் டும் என்று கானா அடி. நடுவில் ஒரு பொம்பளைக் குரல்: “டப்பு இல்லக்கா… பொறுத்துக்கக்கா… டப்பு டப்பு டப்பு இல்லக்கா.” வேனே குலுங்கிச் சிரித்தது. முத்தம்மாவும் சிரித்தாள்.

“யக்கா, இது உன் கொரலாட்டம் கீதே,” என்றாள் பக்கத்திலிருந்த செல்வி.

“போடி. ஆந்திரா பார்டர்ல எவ பேசனாலும் இப்டிதான் இருக்கும்.”

அவள் சொல்லி முடிக்கவில்லை, பாட்டின் கடைசியில் வந்தது: “பாப்பா படிச்சிக்கினு இருக்கும்.”

அன்றைக்கு அவள் தரையைத் துடைத்தாளா, துடைத்ததையே துடைத்தாளா, அவளுக்கே தெரியாது. கம்பெனியில் போனைத் தொட விட மாட்டார்கள். ஷிப்டு முடிகிற வரைக்கும் அந்தக் குரல் அவள் காதுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாளாகத் தலைவலி, தலைவலி என்று ஷைனி பள்ளிக்கூடம் போகாமல் கிடப்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“பாட்ட கேட்டேன்,” என்றாள் முத்தம்மா.

ஷைனி திரும்பவில்லை. “எல்லாரும்தான் கேட்டாங்க.”

“யாரு செஞ்சது?”

“பூமிகா. என் பெஞ்சிலதான் குந்துவா. இன்னாத்துக்குடி போட்டன்னு கேட்டா ஜாலிக்குன்றா. இப்ப என்னை யாரும் ஷைனின்னு கூப்டறதில்லம்மா. அட்டெண்டன்ஸ்ல மிஸ் என் பேர சொன்னா, நான் உள்ளேன்றதுக்குள்ள பின்னாலேர்ந்து டப்புன்றானுங்க.” போர்வையை இழுத்துக்கொண்டாள். “நான் ஸ்கூலுக்குப் போவல. செல்விக்காகிட்ட சொல்லி கம்பெனில சேத்து உடு. வயசு கேட்டா பதினெட்டுன்னு சொல்லிக்கிறேன்.”

பள்ளியை விட்டு வேனேறிய பிள்ளை திரும்பிப் போனதை முத்தம்மா பார்த்ததே இல்லை. அவளே ரெண்டாவதோடு நின்று கூலிக்குப் போனவள்தான்.

“மொதல்ல அத அழி. எல்லாத்தையும் அழி,” என்றாள். ஷைனி குரூப்பை விட்டு வெளியேறி, வந்தது போனது அத்தனையையும் அழித்தாள்.

அதுதான் தப்பு என்று மறுநாள் வகுப்பு டீச்சர் ஆரோக்கியமேரி சொன்னார்.

“அழிக்கக் கூடாதும்மா. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிக்கினு எங்கிட்ட வந்திருக்கணும். போன மாசம்தான் போன்ல இப்டி கேலி பண்றதப் பத்தி பசங்களுக்குக் கிளாஸ் எடுத்தேன். தலைய தலைய ஆட்டுனாங்க. இப்ப கேட்டா, பாட்டா, எந்தப் பாட்டு மிஸ்னு கேக்குறாங்க. பூமிகாவும் நான் இல்லன்னுட்டா. அவ அப்பாவ வரச் சொல்லியிருக்கேன். கையில ஒண்ணும் இல்லாம நான் ஹெச்செம்கிட்ட இன்னான்னு சொல்றது?”

பூமிகாவின் அப்பா தணிகைவேல் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. சாயங்காலம் முத்தம்மா வீட்டு முன்னால் வந்தார். ஊரில் நெல் வயலும் போர்செட்டும் உள்ள ஆள். பைக்கை நிறுத்தினாரே தவிர இறங்கவில்லை. அவர் அந்தத் தெருவில் எப்போதும் இறங்கியதில்லை.

“இன்னா முத்தம்மா, கொழந்தைங்க வெளாட்டுக்கு ஸ்கூல் வரைக்கும் போய்க்கினு.”

“எம் பொண்ணு சோறு துன்னலைங்க.”

“தின்னும், தின்னும். எவ்ளோ அந்தக் கங்கம்மா பாக்கி? ஆறாயிரமா?” சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்தார். “ஏழாயிரமா வச்சிக்கோ. ஆள அனுப்பாம இருப்பா. அந்த டீச்சரம்மாகிட்ட போயி, ஒண்ணும் இல்லம்மா, சமாதானமாயிட்டோம்னு சொல்லிடு.”

முத்தம்மா நோட்டுகளைப் பார்த்தாள். ஏழாயிரம். கடன் போக அரிசிக்கும் மிஞ்சும். கை தன்னாலேயே கொஞ்சம் எழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

“புடி. இன்னும் இன்னா யோசன. டப்பு இல்லக்கான்னு நீதான பாடன,” என்றார் தணிகைவேல். சொல்லும்போது மீசை ஓரம் லேசாக ஆடியது.

ஆக, இவரும் கேட்டிருக்கிறார். கேட்டுச் சிரித்துமிருக்கிறார்.

எழுந்த கையால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “நான் பாடலைங்க. பேசனேன். பாட்டாக்கனது உங்க பொண்ணு. வண்டிய எடுங்க, தண்ணி லாரி வர்ற நேரம்.”

பைக் தெருமுனை திரும்பியது. உள்ளே போனால், மோசஸ் கதவோரம் நின்றிருந்தான்.

“ஏழாயிரத்த உட்டுட்டியே,” என்றான்.

“உட்டுட்டேன்.”

“சரி. இப்ப இன்னா பண்ணப் போற?”

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தாள். வகுப்புப் பிள்ளைகளில் எவனும் பாட்டு இருக்கிற போனை நீட்ட மாட்டான். வேன் டிரைவரைக் கேட்டால் வேலைக்கே உலை வைத்துவிடுவான். யோசித்து யோசித்து, மறுநாள் காலை வேனை விட்டுவிட்டு, கால் எந்தத் தெருவைத் தவிர்த்துக்கொண்டிருந்ததோ அங்கேயே போய் நின்றது.

கங்கம்மா கல்லாவிலிருந்து ஏற இறங்கப் பார்த்தாள்.

“வாடியம்மா பாட்டுக்காரி. எடுத்துக்கினு வந்தியா?”

“இல்லக்கா.”

“பின்ன? எம் பேர நாறடிச்சிட்டு எதுக்கு வந்த? சோப்பு வாங்க வர்ற பையன்லாம் காசு குடுக்காம பொறுத்துக்கக்கான்னு ராகம் போடறான். மூணு பேரு எனக்கே அனுப்பறானுங்க, யக்கா நீ பேமஸ் ஆயிட்டன்னு. ஒரே பேஜாரு.”

“அத வச்சிருக்கியாக்கா?”

“எத?”

“அந்தப் பாட்ட. உன் போன்ல கீதா?”

முத்தம்மா நடந்ததைச் சொன்னாள். ஏழாயிரத்தையும் மறைக்கவில்லை. கங்கம்மா பொட்டலம் மடித்தபடியே கேட்டாள்.

“மடச்சி. அவன் குடுத்தா இன்னா, நீ குடுத்தா இன்னா. காசுக்கு மூஞ்சா இருக்குது?” மடித்த பொட்டலத்தைத் தள்ளி வைத்தாள். “எனக்கு மூஞ்சி இருக்குதே. கடைய மூட ஒரு கை புடி. எந்த டீச்சரு?”

கடன் கொடுத்தவளும் வாங்கியவளும் ஒரே ஷேர் ஆட்டோவில் பள்ளிக்கூடம் போனார்கள். ஆட்டோ காசைக் கங்கம்மா கொடுத்தாள். பாக்கியில் சேர்த்துக்கொள்வேன் என்றும் சொன்னாள். ஆரோக்கியமேரி அந்தப் பாட்டை, அதை முதலில் போட்ட பூமிகாவின் ஆன்லைன் கணக்குப் பெயர் தெரிகிற மாதிரி, தன் போனுக்கு மாற்றிக்கொண்டார். தலைமையாசிரியர் அறையில் அது ஓடியபோது பூமிகா அழுதாள். தணிகைவேல் இந்த முறை பைக்கிலிருந்து இறங்கி வந்து நின்றார்.

“பாட்டு நல்லா வந்துச்சி ஆன்ட்டி, அதான் போட்டேன்,” என்றாள் பூமிகா. பொய் இல்லாத பதில்தான்.

பாட்டை எடுத்துவிட்டார்கள். ஆரோக்கியமேரி மறுபடி ஒரு வகுப்பு எடுத்தாராம். “செஞ்சவ ஒருத்திதான். அனுப்புனது நீங்க எல்லாரும். யார் யார் அனுப்புனீங்களோ எழுந்து நில்லுங்க” என்றாராம். முதலில் ஒருத்தரும் எழவில்லை, பிறகு பாதி வகுப்பு நின்றது என்று ஷைனியின் தோழி பிரின்சி வந்து சொன்னாள். அடுத்த திங்கள் ஷைனி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். திரும்பி வந்ததும் முத்தம்மா அவள் முகத்தையே பார்த்தாள்.

“டப்புன்னு ரெண்டு பேருதான் சொன்னானுங்க,” என்றாள் ஷைனி.

எத்தனை போனில் இன்னும் இருக்கிறதோ, எவன் எப்போது எடுத்துப் போடுவானோ. வேனில் யாராவது போனை எடுத்தாலே முத்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொங்கலுக்கு முன்னால் காண்ட்ராக்டர் போனஸ் போட்டான். மோசஸும் தன் பங்குக்குக் கொஞ்சம் வைத்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஷைனி பணத்தைப் பார்த்தாள்.

“கங்கம்மாக்காவுக்கா? குடு. நான் போறேன்.”

“கடையாண்ட பசங்க நிப்பானுங்க.”

“நிக்கட்டும்.”

முத்தம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே போய், எதிர்ச் சாரியில் வேன் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டாள். கடை வாசலில் சைக்கிளோடு நாலு பையன்கள். யூனிபார்மோடு ஷைனி நடுவில் புகுந்து போனாள். ஒருவன் என்னவோ வாயெடுத்தான். அவள் நின்று அவனைப் பார்த்தாள். அவன் சைக்கிள் மணியை ஒருதரம் அடித்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

“அம்மா குடுத்தாங்க. ஆறாயிரத்து நானூத்தி அம்பது. அப்புறம் ஆட்டோ காசு,” என்றாள் ஷைனி. சாலையைத் தாண்டி இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

“சரியாத்தான் இருக்கும், போ பாப்பா.”

“எண்ணிப் பாத்துக்கங்கக்கா.”

கங்கம்மா விரலை நக்கிக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். ஷைனி நகராமல் நின்றாள். கடைசி நோட்டு கல்லாவில் விழுந்து மூடி சாத்துகிற வரைக்கும் முத்தம்மாவும் நின்றாள்.