இன்னொரு தடவை கேட்பார்கள்

ஆர்லென் குளித்துக்கொண்டிருந்தபோது ஓட்டல் அறையில் தொலைபேசி மணி அடித்தது. லோர்னா எடுத்தாள். மறுமுனையில் வழிகாட்டி தெங். எப்போதும் சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிற பையன், அன்று எடுத்த எடுப்பில் கத்தினான்.

"மேடம், குழந்தைங்க வந்துட்டாங்க!"

"நாளைக்குன்னுதானே சொன்னீங்க?"

"நாளைக்கு இல்ல, இன்னிக்கே! அனாதை விடுதியிலேர்ந்து வேன் வந்து தத்து ஆபீஸ் வாசல்ல நிக்குது. சீக்கிரம் கீழ வாங்க, பஸ்ஸும் ரெடி."

லோர்னாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குளியலறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"ஆர்லென், வந்துட்டா!"

"யாரு?" என்றான் அவன், தலை நிறைய நுரையோடு.

"யாருன்னா கேக்கற? உன் பொண்ணு!"

அதற்குமேல் அவன் எங்கே குளித்தான்? பாதி நுரையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, ஈர உடம்பின்மேல் சட்டையை மாட்டிக்கொண்டான். பொத்தான்கள் ஒன்று மாற்றி ஒன்றில் ஏறி உட்கார்ந்தன. எட்டு வயது கிரேத்தா மட்டும்தான் தயாராக இருந்தாள். சீனாவின் சாங்ஷா நகரத்தில் விமானம் இறங்கியதிலிருந்தே அவள் தயார்தான். தங்கைக்கென்று வாங்கிவந்த துணி முயலைத் தூங்கும்போதுகூடக் கீழே வைக்கவில்லை.

இவர்கள் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் துலூத் ஊர்க்காரர்கள். பனிக்காலத்தில் ஆர்லென் தெருத்தெருவாகப் பனி தள்ளும் வண்டி ஓட்டுவான். லோர்னாவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. இரண்டாவது குழந்தை தங்காது என்று டாக்டர்கள் கையை விரித்த பிறகு, சீனாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்து எடுப்போம் என்று முடிவு செய்து, விண்ணப்பம், விசாரணை, கைரேகை, மறுபடி விசாரணை என்று அலையாய் அலைந்து, கடைசியில் ஒரே ஒரு புகைப்படம் தபாலில் வந்தது. மொட்டைத் தலையும் முறைத்த பார்வையுமாக ஷான்ஷான். யார்மீது அவ்வளவு கோபமோ தெரியவில்லை. பார்த்த கணத்திலேயே லோர்னா சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அதன்பிறகும் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மொட்டைத் தலைக்காரிக்கு இப்போது ஒன்றரை வயது.

பஸ்ஸில் இவர்களைப் போலவே தத்து எடுக்க வந்தவர்களாக மொத்தம் ஐந்து குடும்பங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், யாரும் யாரையும் கேட்கவில்லை. டெக்சஸ்காரி டார்லா நின்றுகொண்டே வந்தாள். உட்காரச் சொன்னால், "பிள்ளை பெறப் போறவளை உக்காருன்னா எப்படி உக்காருவா?" என்றாள். பஸ்ஸே சிரித்தது.

"அவளுக்கு என்னைப் பிடிக்குமாம்மா?" என்றாள் கிரேத்தா.

"உன்னைப் பிடிக்காம?"

"உன்னை?"

லோர்னா மகளின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினாள். அது நன்றாகத்தான் இருந்தது.

ஆபீஸ் மூன்றாவது மாடியில். ஜூலை மாத வெக்கையில் மின்விசிறி பேருக்குச் சுற்றியது. மேசைக்குப் பின்னால் அதிகாரி அம்மாள் ஒருத்தி, பக்கத்து அறையில் குழந்தைகளின் அழுகை. அதிகாரி ஒரு பெயரைச் சொன்னதும் கதவு திறந்து வெள்ளை அங்கி போட்ட ஆயா ஒருத்தி குழந்தையோடு வருவாள். முதல் பெயர் டார்லாவின் குழந்தையுடையது. ஆயா கதவைத் தாண்டி ஓர் அடி வைப்பதற்குள் டார்லா பாய்ந்து போய்க் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு, "என் தங்கமே! என் சக்கரக்கட்டியே!" என்று அலறினாள். குழந்தையும் அலறியது. அவள் புருஷன் கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவனும் அலறினான்.

"இப்படியா பிடுங்குவாங்க?" என்று ஆர்லென் காதில் கிசுகிசுத்தாள் லோர்னா.

அடுத்து, "ஷான்ஷான்!"

வந்த ஆயா குண்டாக, ஐம்பது வயதுக்காரியாக இருந்தாள். பெயர் பெங் என்று தெங் முன்பே சொல்லியிருந்தான். அந்த வெக்கையிலும் இரண்டு சட்டை போட்டிருந்தது குழந்தைக்கு. தலையில் இப்போது முடி வந்திருந்தது. ஷான்ஷான் அழவில்லை. ஆயாவின் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு லோர்னாவை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான், முகத்தை ஆயாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள்.

ஆயா குழந்தையை நீட்டினாள். லோர்னாவின் கைகள் பாதி தூரம் எழுந்தன. உடம்பு முழுக்க ஆசை பற்றி எரிந்தது. வாய் மட்டும் தன் பழக்கத்தை விடவில்லை.

"பரவால்ல, பரவால்ல. அவசரமே இல்ல. கொஞ்ச நேரம் உங்ககிட்டயே இருக்கட்டும். மத்தவங்க முதல்ல வாங்கிக்கட்டும்."

லோர்னாவின் ஊர்க்காரர்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால், காபி சாப்பிடுறீங்களா என்று கேட்பார்கள். வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்பார்கள். ஐயோ, இப்பத்தான் குடிச்சேன் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கேட்டால்தான், சரி, அரைக் கோப்பை போதும் என்று வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையிலேயே கை நீட்டுகிறவனைப் பற்றித் தெரு முனை வரைக்கும் பேசுவார்கள். விவரம் தெரியாமல் அங்கே விருந்து வைக்கிற வெளியூர்க்காரன், ஒரு தடவை கேட்டுவிட்டுத் தட்டை உள்ளே எடுத்துப் போய்விடுவான். பட்டினியோடு எல்லாரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். ஆர்லென் கல்யாணம் செய்துகொள்வோமா என்று கேட்டபோதுகூட லோர்னா, "நல்லா யோசிச்சுக்கோ, அவசரமில்ல" என்றுதான் சொன்னாள். அவனும் அந்த ஊர்க்காரன் என்பதால் அடுத்த வாரம் மறுபடி கேட்டான். அதனால்தான் கல்யாணம் நடந்தது. இல்லாவிட்டால் இரண்டு பேரும் இன்னும் அவரவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

தெங் அவள் சொன்னதை வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தான். ஆயா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக லோர்னாவை ஏற இறங்கப் பார்த்தாள், தெங்கிடம் எதையோ தாழ்ந்த குரலில் கேட்டாள். அவன் தோளைக் குலுக்கினான். ஆயா திரும்பிப் பக்கத்து அறைக்குள் போனாள். கதவு மூடியது.

லோர்னா சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். இன்னொரு தடவை கேட்பார்கள்.

மூன்றாவது குடும்பம் வாங்கிக்கொண்டது. நான்காவது, ஐந்தாவது. அறை முழுக்கப் பால் புட்டிகளும், அழுகையும், சந்தோஷக் கூச்சலுமாக இருந்தது.

"அம்மா, ஷான்ஷானை எங்க கூட்டிட்டுப் போனாங்க?" என்றாள் கிரேத்தா.

"இப்பக் கொண்டு வருவாங்க."

"கேட்டுப் பாக்கலாமா?" என்றான் ஆர்லென்.

"பாவம், அவங்களுக்கு எவ்வளவு வேலை. தொந்தரவு பண்ண வேணாம்."

"அதுவும் சரிதான்" என்றான் அந்த உத்தமன்.

இடுப்பில் குழந்தையும் தோளில் வாந்தியுமாக டார்லா வந்தாள். வந்தவள் லோர்னாவின் வெறும் கைகளைப் பார்த்தாள்.

"உங்க பொண்ணு எங்க?"

"உள்ள இருக்கா. அவசரமில்லன்னு சொன்னேன். மறுபடி கூப்பிடுவாங்க."

டார்லாவின் வாய் ஒரு கணம் திறந்தபடியே நின்றது. "அவசரமில்லன்னா? அவங்ககிட்டயேவா சொன்னே? அடிப்பாவி, இங்க என்ன காபியா ஊத்துறாங்க? உனக்குக் குழந்தை வேணாம்னு நினைச்சுக்கிட்டாங்கடி!"

"சேச்சே, யாராவது அப்படி நினைப்பாங்களா?"

அப்போதுதான் தெங் வந்தான். மூன்று நாளாகச் சிரித்துக்கொண்டே இருந்த முகத்தில் சிரிப்பில்லை. தலையைக் குனிந்துகொண்டு பேசினான்.

"மேடம், நீங்க சங்கடப்பட வேண்டாம். சில பேருக்கு நேர்ல பாத்ததும் மனசு மாறிடும். யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. அதிகாரியம்மா உங்களை நல்லா யோசிக்கச் சொல்றாங்க. குழந்தை ஆயாவோடயே விடுதிக்குத் திரும்பிப் போகுது."

"திரும்பியா? எங்க?"

"கீழ வேன் கிளம்புது. நாலு மணி நேரப் பயணம். நீங்க வேணாம்னு முடிவு பண்ணிட்டா அவளை வேற குடும்பத்துக்கு..."

அவன் முடிப்பதற்குள் லோர்னா அங்கே இல்லை.

பள்ளிக்கூடத்தில் தீயணைப்பு ஒத்திகையின்போதுகூட எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டுக் கடைசியாக வெளியே வருகிறவள் அவள். அன்று மூன்று மாடிப் படிகளிலும் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். யாரோ ஒருவருடைய தேநீர் தட்டிக் கொட்டியது. மன்னிப்புக் கேட்கவில்லை. செருப்பு ஒன்று கழன்று படியிலேயே கிடந்தது. பின்னால் ஆர்லென் கிரேத்தாவை அள்ளிக்கொண்டு ஓடிவந்தான். அவனுக்குப் பின்னால், "மேடம்! மேடம்!" என்று தெங்.

வேன் வாசல் கதவை நோக்கி நகர ஆரம்பித்திருந்தது. லோர்னா நேரே அதன் முன்னால் போய் நின்று, கொதிக்கும் தகரத்தின்மேல் இரண்டு உள்ளங்கையையும் ஓங்கி வைத்தாள்.

"நிறுத்துங்க!"

டிரைவர் சீன மொழியில் வைத வசவுகளை எந்த ஊர்க்காரனும் புரிந்துகொள்வான். ஆர்லெனும் வந்து மனைவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். லாரி லாரியாகப் பனியைத் தள்ளிய ஆள். அவனைத் தாண்டி வேன் போக வேண்டுமென்றால் அவன் மனசு வைக்க வேண்டும்.

பக்கக் கதவு நகர்ந்து திறந்தது. ஆயா பெங் மடியில் ஷான்ஷானோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் கையில் பாதி கடித்த பிஸ்கட். ஆயா லோர்னாவைப் பார்த்துப் படபடவென்று பொரிந்து தள்ளினாள். தெங் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"என்ன சொல்றாங்க?"

"அது... அப்படியே சொல்லட்டுமா மேடம்?"

"அப்படியே சொல்லு."

"'இவளைப் பெத்தவ ஒரு தடவை விட்டுட்டுப் போனா. அது போதாதுன்னு இன்னிக்கு என் கண் முன்னாடியே நீ வேணாம்னே. இப்ப ஓடி வந்து வண்டிய மறிக்கிறே. நாளைக்கு என்ன சொல்லுவே?'"

லோர்னா வாயைத் திறந்தாள். எங்க ஊர்ல இப்படித்தான் பேசுவோம், மரியாதைக்குச் சொன்னேன், மன்னிச்சுக்கோங்க என்றெல்லாம் சொல்லத்தான் திறந்தாள். மடியில் இருந்த குழந்தை அவளையே பார்த்தது. இந்த ஒன்றரை வயதுக்காரியிடம் மரியாதையைப் பற்றி என்ன விளக்குவது? அவள் அறிந்ததெல்லாம் ஒன்றுதான். ஒருத்தி வந்தாள், கையை நீட்டவில்லை.

"எனக்கு வேணும்" என்றாள் லோர்னா. குரல் உடைந்தது. அடுத்த தடவை கத்தியே சொன்னாள். "ஷான்ஷான் எனக்கு வேணும்! அவ என் பொண்ணு. குடுங்க!"

ஆர்லென் திரும்பி மனைவியைப் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், ஒரு ஸ்வெட்டருக்குக்கூட அவள் எனக்கு வேணும் என்று சொல்லி அவன் கேட்டதில்லை.

ஆயா மறுபடி பேசினாள், இந்தத் தடவை மெதுவாக.

"'இவ அழுவா. ராத்திரியெல்லாம் அழுவா. என்னைத் தேடுவா'ன்னு சொல்றாங்க."

"அழட்டும். தேடட்டும். நான் தூக்கி வச்சுக்கறேன்."

ஆயா குழந்தையின் காதோரம் குனிந்து எதையோ சொன்னாள். தெங் அதை மொழிபெயர்க்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. காலரைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஷான்ஷானை லோர்னாவின் கையில் வைத்தாள்.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஷான்ஷான் அப்போது ஆரம்பித்தாள். தெருவே திரும்பிப் பார்த்தது. முதுகை வில்லாக வளைத்தாள், உதைத்தாள், பிஸ்கட் கையாலேயே லோர்னாவின் கன்னத்தில் பளாரென்று அறைந்தாள். வேனுக்குள்ளிருந்து ஆயாவின் கைகள் தாமாகவே நீண்டன, இங்கே கொடு, நான் சமாதானப்படுத்துகிறேன் என்று. லோர்னாவின் வளர்ப்பு முழுவதும் ஒன்றுகூடி அவளிடம் கெஞ்சியது. ரெண்டே நிமிஷம் குடு, பாவம் அந்த அம்மா, பாவம் இந்தக் குழந்தை.

லோர்னா தோளைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம்" என்றாள். "நான் பாத்துக்கறேன்."

தெங் மொழிபெயர்க்க வாயெடுத்தான். ஆயா அவனைக் கையமர்த்தினாள். நீட்டிய கைகளை மடியில் போட்டுக்கொண்டு, அங்கியின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு வேன் கதவை அவளே இழுத்துச் சாத்தினாள்.

வேன் போன திசையைப் பார்த்து ஷான்ஷான் கத்தினாள். ஆர்லென் அவள் முதுகைத் தடவினான். அவனுக்கும் ஓர் உதை கிடைத்தது. கிரேத்தா முயலை நீட்டினாள். அது பறந்து போய்ப் பூச்செடியில் விழுந்தது.

"அம்மா, அவ நம்ம மேல ரொம்பக் கோவமா இருக்கா" என்றாள் கிரேத்தா, உதடு துடிக்க.

"இருக்கட்டும்டி" என்றாள் லோர்னா. அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள், பிஸ்கட் தூள் கன்னமெல்லாம் ஒட்டியிருந்தது. "கோவப்படறதுக்கு அவளுக்கு இனிமே நாமதான் இருக்கோம்."

சொல்லிவிட்டு, சிவந்துபோன அந்தச் சின்ன நெற்றியில் அழுத்தி ஒரு முத்தம் வைத்தாள். பதிலுக்கு இன்னோர் அறை விழுந்தது. அதையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு, மகளை அணைத்தபடி படியேறப் போனாள்.