இடம் மாறிய வாள்

நடிகன் திபூர்சியோவை ஓர் இடத்தில் நிற்க வைப்பதற்குள், அச்சுப்படம் வரையும் எர்சீலியாவுக்குத் தாவு தீர்ந்துவிட்டது. மெழுகு பூசிய செப்புத் தகட்டில் அவள் ஊசியை வைத்தால் ஆள் ஜன்னலுக்கு ஓடிவிடுவான்.

“அம்மணி, தெருவுல சத்தம் கேக்குது. புது ஆளைக் கூட்டிட்டு வந்துட்டாங்களோ?”

“யாரும் வரல. மீசையை முறுக்கிட்டு ஒழுங்கா நில்லுய்யா!”

அவன் பதற்றத்தையும் குறை சொல்ல முடியாது. இத்தாலியின் பொலோஞ்ஞா நகர மேடையில் தலை நரைக்கும்வரை அவன்தான் கேப்டன் மதில்பிளந்தான். வாய்ச்சவடால் வீரன். வாளை வலது இடுப்பில் மாட்டிக்கொண்டு, அதே வலது கையால் உருவப் பார்த்து, முடியாமல் சுற்றிச் சுற்றி வருவான். முன்பெல்லாம் கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. இப்போது கொட்டாவி விடுகிறது. கார்னிவல் திருவிழாவின் முதல் நாளில் சிரிப்பு வராவிட்டால் வேறு கேப்டன்தான் என்று முதலாளி ஃபுல்ஜென்சியோ சொல்லிவிட்டார். அரங்க வாசலில் ஒட்டத்தான் இந்தப் படம்.

தகட்டில் கீறுவது தாளில் இடம் வலம் மாறி விழும். அதனால் எர்சீலியா எப்போதும் ஆளைக் கண்ணாடியில் பார்த்தே வரைவாள். இவன் ஆட்டிய ஆட்டத்தில் ஆளையே பார்த்து அவசரமாகக் கீறிவிட்டாள். அமிலம் அரித்து முடிந்ததும் மை பூசி அழுத்தி, முதல் தாளை உரித்தபோதுதான் தெரிந்தது. வாள் இடது இடுப்பில் தொங்கியது. அசல் போர்வீரன். அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

“இவன் வாளை உருவிடுவானே, அம்மணி! அப்புறம் யாரு சிரிப்பா?” திபூர்சியோவின் முகம் வெளுத்தது.

மறுபடி செய்ய நேரமில்லை. ஃபுல்ஜென்சியோ அதையே ஒட்டினார்.

“ஜனங்க படத்தைப் பார்த்துட்டுத்தான்யா வருவாங்க. அதுல இருக்கிற மாதிரியே மாட்டு.”

திருவிழாவின் முதல் நாள் மாலை கூட்டம் “உருவு! உருவு!” என்று கத்தியது. திபூர்சியோ கையை வைத்தான். ஒரே இழுப்பில் வாள் வந்துவிட்டது. இத்தனை காலத்தில் அது வெளியே வந்ததே இல்லை. அடுத்து என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. தன் வாளையே பார்த்துப் பின்வாங்கினான். வாளும் கூடவே வந்தது. அரங்கம் அதிரச் சிரித்தது.

எர்சீலியா திரைக்குப் பின்னால் ஓடினாள். அவன் ஒரு மூலையில் வியர்த்து உட்கார்ந்திருந்தான்.

“பிழைச்சுட்டய்யா! என்ன நடிப்பு!”

“நடிப்பா? நெசமாவே பயந்துட்டேன், அம்மணி. நாளைக்கும் இதே மாதிரி பயப்படணுமாம்.”